சனிக்கிழமைப் போட்டியும் ஞாயிற்றுக்கிழமைப் பாராட்டும்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரிலும் அயலூர்களிலும் வாழும் எம்மவரிடையே எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதை நானே எழுத வேண்டியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. எனினும் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல இயலாது. நான் பல்கலைக்கழகப் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்தவன். டென்மார்க்குக்கு வந்தபின் ஓய்வு பெறும்வரை நகரசபைக்கும் மருத்துவமனைக்கும் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிந்தேன். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், எந்தத் தம்பதியர் பிரிவதற்கு மனுக் கொடுத்துவிட்டு மறுபடி சேர்ந்தார்கள், எவருடைய மகன் பொலிஸ் நிலையத்தில் ஒரு பகல் முழுவதும் இருந்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவற்றில் ஒரு சொல்லும் என் மனைவிக்குத் தெரியாது. டெனிஷ்காரர் இதனைத் தவ்ஸ்ஹெட்ஸ்பிளிக்ட் என்பார்கள். வாய் காக்கும் கடமை. கொண்டாட்டங்களில் என்னைக் கண்டதும் சிலர் முதலில் பார்வையைத் தாழ்த்துவார்கள். பிறகு தாமாகவே வந்து கைகொடுப்பார்கள். தமிழ்ச் சங்கத்தின் தலைமைப் பதவியும் நான் கேளாமலே என்னிடம் வந்தது.

என் ஒரே மகள் தொழில்முறை மல்யுத்தம் செய்பவள். இந்த வாக்கியத்தை ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. கிழமை நாட்களில் அவள் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளர். சனி ஞாயிறுகளில் மினுங்கும் இறுக்கமான உடை அணிந்து கோதாவில் இறங்கி, தன்னைப் போன்ற பெண்களைத் தூக்கி எறிவாள், அவர்களால் எறியப்படுவாள். கேட்டவர்களுக்கு, "உடற்பயிற்சி பழக்கிறா," என்று சொல்லிவந்தேன். அது முழுப்பொய்யன்று. புதிதாக வருபவர்களுக்கு அடிபடாமல் விழப் பழக்குவதும் அவளுடைய வேலைதான். மேடையில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவளுடைய போட்டிகளை என் மனைவி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் பார்ப்பாள். நான் பார்த்ததில்லை. வெளியே இருந்தபடி சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறேன்.

சென்ற இளவேனிலில் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள், சோற்றில் கைவைக்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்டு சொல்லோணும். ஆனா ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. சுவருக்கும் சொல்லக்கூடாது."

"கலியாணமோ பிள்ளை?" என்றாள் என் மனைவி, முகம் மலர.

"அதைவிடப் பெரிசு அம்மா. நான் வெல்லப்போறன்."

அவள் இருக்கும் நிறுவனம் சிறியது. டென்மார்க்கிலும் சுவீடனிலும் காட்சிகள் நடத்துவது. ஆண்டில் ஒருமுறை பெரிய காட்சியொன்றை நடத்தி, இணையத்தில் கட்டணம் செலுத்துபவர்கள் மட்டும் பார்க்கும்படி ஒளிபரப்புவார்கள். பட்டப் போட்டிகள் அனைத்தும் அன்றுதான். பெண்களுக்கான பட்டம் இம்முறை ஏணிப் போட்டியாக வைக்கப்பட்டிருந்தது. கோதாவின் நடுவே, கூரையிலிருந்து இறங்கும் கொக்கியில் பட்டத்துக்குரிய பெல்ட் தொங்கும்; ஏணியை நிறுத்தி ஏறி அதை முதலில் கழற்றுபவரே வென்றவர். அவளுடைய எதிரி ஒரு சுவீடன்காரி.

"போட்டி நடக்க முதல் வெல்லுவன் எண்டு நீ என்னெண்டு சொல்லுவாய்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பாதி டெனிஷிலும் பாதி தமிழிலும் விளக்கினாள். யார் வெல்வது என்பதை நிறுவனமே முன்கூட்டித் தீர்மானிக்குமாம். அது கோதாவில் இறங்குபவர்களுக்கும் நடுவருக்கும் மட்டும் சொல்லப்படுமாம். பார்ப்பவர்களிடமிருந்து அதைக் காப்பதே அத்தொழிலின் உயிராம்.

"அப்ப இது நாடகம்."

"முடிவுதான் நாடகம் அப்பா. விழுகிறது நாடகமில்லை. என்ர தோள் நாடகமில்லை."

அவளுடைய வலது தோளில் ஏற்கெனவே ஒரு சத்திரசிகிச்சை நடந்திருந்தது. மருத்துவர் இன்னும் ஓராண்டுக்கு மேல் தாங்காது என்று சொல்லியிருந்தார். பட்டம் பெற்றவள் அந்த ஓராண்டும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் சண்டையிடுவாள். திரும்பி வந்து, பட்டம் வென்றவள் என்ற பெயரோடு, சொந்தமாக ஒரு பயிற்சிக்கூடம் தொடங்குவாள். முதியோர் இல்லத்தில் விடுமுறைகூடக் கேட்டுவிட்டாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள்.

"தவ்ஸ்ஹெட்ஸ்பிளிக்ட், அப்பா. ஓமோ?"

"ஓம்," என்றேன். எனக்குச் சற்றுக் கோபமும் வந்தது. அதை என்னிடம் போய்க் கேட்பதா?

அவள் போன பின் என் மனம் வேறு விதமாக வேலை செய்தது. நான் வளர்ந்த இடத்தில், ஒருவருக்கு அரசாங்க நியமனம் கிடைத்துவிட்டது என்று தெரிந்தால், அவர் கதிரையில் உட்காரும் முன்பே அயலுக்குக் கற்கண்டு போய்விடும். மேலிடம் முடிவு செய்தது முடிவுதான். என் மகளுடைய பட்டத்தையும் நான் அப்படியொரு நியமனமாகவே விளங்கிக்கொண்டேன். அவளுடைய தொழிலைப் பற்றி அதுவரை நான் கொண்டிருந்த கூச்சம், இந்த எண்ணம் வந்ததும் விலகியதுபோல் இருந்தது.

சங்கத்தின் நிர்வாகக் கூட்டம் நூலகத்தில் ஓர் அறையில் நடந்தது. கணக்கறிக்கை முடிந்து தேநீர் வந்தபோது பொருளாளர் என்னைப் பார்த்தார். அவர் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் நெடுங்காலம் உழைத்தவர்; குரலைத் தாழ்த்தத் தெரியாதவர்.

"மாஸ்டர், உங்கட மகளை இன்ரநெற்றில கண்டன்."

அறையில் கோப்பைகளின் ஓசை நின்றது.

"ஒரு வெள்ளைக்காரியைத் தலைகீழாய்த் தூக்கிப் போட்டா, பாருங்கோ! என்ன சத்து! வீட்டில என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

"ஒடியல் கூழாயிருக்கும்," என்றார் ஒருவர்.

"மாப்பிளை பாக்கேக்க சாதகத்தோட உந்த வீடியோவையும் சேத்து அனுப்புங்கோ மாஸ்டர். பிறகு பெடியன் தனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு அழக்கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். என்னுடன் ஒரு நாளும் பகிடி விடத் துணியாதவர்களும் சிரித்தார்கள். அவர்களுள் குறைந்தது மூன்று பேருடைய வீட்டுச் செய்திகளை என்னால் அந்த மேசையில் எடுத்து வைத்திருக்க முடியும். அதை நான் செய்யவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றை எடுத்து வைத்தேன்.

"சிரிக்கிறதை வாற சனிக்கிழமை வரைக்கும் ஒத்தி வையுங்கோ. அண்டைக்கு என்ர மகள் வட ஐரோப்பாவின்ர சாம்பியன் ஆகிறா."

"வெண்டால் எண்டு சொல்லுங்கோ."

"வெண்டால் இல்லை. அது முடிவான விசயம்."

"என்ன மாஸ்டர், சாத்திரம் பாத்தனீங்களோ?"

"நிறுவனம் முடிவெடுத்திட்டுது. பிள்ளைக்கும் அறிவிச்சாச்சு."

பொருளாளரின் முகம் மாறியது. அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெய்யே? அப்ப அது எங்கள் எல்லாருக்குமல்லோ பெருமை!" அவருடைய கண் கலங்கியிருந்தது. அவர் பாசாங்கு செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்வது நியாயம்.

செயலாளர் உடனே நாட்காட்டியைத் திறந்தார். போட்டிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஒன்றுகூடலுக்கென்று ஒரு மண்டபம் எடுக்கப்பட்டிருந்தது. ஒன்றுகூடலைத் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே பாராட்டு விழா வைப்பதென்றும், பொன்னாடை போர்த்துவதென்றும், மதியம் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பாடு கொடுப்பதென்றும் என் கண்முன்னே முடிவாயிற்று. "சனிக்கிழமைக்கு முதல் வெளியில விடாதேங்கோ," என்று நான் சொன்னேன். சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொன்ன குரலில் கண்டிப்பு இருக்கவில்லை, மகிழ்ச்சி இருந்தது. கேட்டவர்களும் அதைத்தான் கேட்டார்கள்.

விழா அழைப்பிதழைச் செயலாளர் வழக்கம்போல் எனக்கு அனுப்பினார். சங்கத்தின் எழுத்து எதுவும் என் கண்ணில் படாமல் வெளியே போவதில்லை. அவளுடைய படமொன்று, அதன் கீழே அவளுடைய பெயரும் மேடைப் பெயரும், வட ஐரோப்பிய மல்யுத்தப் பட்டத்தை வென்று எமக்குப் பெருமை தேடித்தந்தவள் என்ற வாசகம், மண்டபத்தின் முகவரி. நான் இரண்டு திருத்தங்கள் செய்தேன். "எமக்கு" என்பதை "தமிழினத்துக்கு" என்று மாற்றினேன். தந்தையின் பெயருக்குப் பின்னால் என் பல்கலைக்கழகப் பட்டத்தையும் சேர்க்கச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை செயலாளர் தொலைபேசி எடுத்தார். நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர், சமைக்கிற ஆக்கள் எத்தினை பேர் எண்டு கேட்டு நிக்கினம். இறைச்சி இண்டைக்கே வாங்கோணும். சங்கத்தின்ர இன்ரநெற் பக்கத்தில அழைப்பைப் போடட்டோ?"

"தமிழிலதானே?"

"தமிழிலதான். இவங்களுக்கு என்ன விளங்கப்போகுது?"

"போடுங்கோ," என்றேன்.

பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் தொப்பியைப் பற்றி உரத்த குரலில் தமிழில் கதைத்துப் பழகியவர்கள் நாங்கள். நாற்பது ஆண்டுகளாக அந்த மொழி எங்களுக்கு வீடாகவும் இருந்தது, கதவாகவும் இருந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கும், அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு பொத்தான் இருப்பதும், அதை அழுத்தினால் எங்கள் தமிழ் கணத்தில் டெனிஷாகிவிடும் என்பதும் தோன்றவில்லை. அவளுடைய மேடைப் பெயரை நாள்தோறும் இணையத்தில் தேடிப்பார்க்கும் இரசிகர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நான் அறியவில்லை. இவையெல்லாம் பின்னர் அறிந்தவை.

மாலையில் நாங்கள் போனோம். ஹாண்ட்போல் விளையாடும் பெரிய மண்டபம். வாசலிலேயே பொரித்த வெங்காயத்தின் மணம். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிய தகப்பன்மாரும், கையில் பியர்க் குவளையோடு தாய்மாரும், கறுப்புச் சட்டை அணிந்த இளைஞர்களுமாக மண்டபம் நிறைந்திருந்தது. நான் மட்டுமே கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தேன். பொருளாளரும் செயலாளரும் எங்களுக்கு அருகில், இரண்டாம் வரிசையில் அமர்ந்தார்கள். மேலே கொக்கி, அதில் பொன்னிறத் தகடு பதித்த பெல்ட். நான் எதிர்பார்த்ததைவிட அது அழகாகவே இருந்தது.

ஆண்களின் பட்டப் போட்டிகள் முதலில் நடந்தன. அவற்றிலும் ஓர் ஏணிப் போட்டி இருந்தது. ஒருவன் உச்சியிலிருந்து முதுகு அடிபட விழுந்தபோது எழுந்த ஓசை, என் வீட்டு அறைக்கதவின் பின்னாலிருந்து நான் கேட்டுவந்த அதே ஓசை. என் மனைவி அசையாமல் இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "இப்ப மற்றவன் வருவான், பாருங்கோ," என்று எனக்குச் சொல்லியும் தந்தாள்.

கடைசியாக எங்கள் மகளின் மேடைப் பெயர் அறிவிக்கப்பட்டது. விளக்குகள் நீலமாயின. அவள் வாசலில் தோன்றிய கணத்தில், மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து கூட்டமாக ஒரு சொல் எழுந்தது.

"தில்லுக்க! தில்லுக்க!"

டெனிஷ் மொழியில் அது வாழ்த்துச் சொல். பிறந்த நாளுக்கும் திருமணத்துக்கும் பரீட்சைச் சித்திக்கும் சொல்வது. கைதட்டலோடு அது மண்டபம் முழுவதும் பரவியது. சிலர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். சிரிப்பொலியும் கேட்டது, அதை நான் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன். என் மகளுக்கு இத்தனை பேர் வாழ்த்துச் சொல்கிறார்களே என்று என் நெஞ்சு நிறைந்தது. நான் எழுந்து நின்றேன். நாலு பக்கமும் திரும்பிக் கைகூப்பினேன்.

கூச்சல் இன்னும் பலத்தது. ஒருவர் என்னைச் சுட்டிக்காட்டினார். ஒளிபரப்புக் கருவி என் பக்கம் திரும்பியது. கூப்பிய கைகளோடு நான் நிற்பது பெரிய திரையில் தெரிந்தது.

"இஞ்சருங்கோ, இருங்கோ," என்று என் மனைவி கோட்டைப் பிடித்து இழுத்தாள். "இருங்கோ எண்டுறன்!"

அவளுடைய முகத்தைப் பார்த்த பின்புதான் என் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் நடைபாதையின் நடுவே நின்றுவிட்டிருந்தாள். கூட்டம் வென்றவளுக்குரிய வாழ்த்தைப் போட்டிக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தது.

போட்டி தொடங்கியது. காதில் கருவி மாட்டிய ஒரு பருத்த மனிதர், நிறுவனத்தின் உரிமையாளர் என்று பின்னர் அறிந்தேன், திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கைபேசியைப் பார்த்தார். உதட்டருகே இருந்த ஒலிவாங்கியில் ஏதோ சொன்னார். என் மகள் கீழே விழுந்து கிடந்தபோது நடுவர் அவளருகே முழந்தாளிட்டுக் காதோடு பேசினார். அடிபட்டதா என்று விசாரிக்கிறார் என நான் நினைத்தேன். அவள் கண்ணை மூடினாள். பிறகு அவர் சுவீடன்காரியிடம் போய்க் குனிந்தார்.

அதன்பின் அவள் சண்டையிட்டது எப்படி என்று எழுத எனக்குச் சொல்வளம் போதாது. ஏணியால் அடிபட்டாள், ஏணியின் மேல் எறியப்பட்டாள், எழுந்து எழுந்து வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை விட்டார்கள். இறுதியில் சுவீடன்காரி ஒரு மூலையில் கிடக்க, என் மகள் தனியே ஏணியை நிறுத்தி ஏறினாள். உச்சிப்படியில் நின்று கையை உயர்த்தினாள். விரல்கள் பெல்ட்டைப் பற்றின. கொக்கியில் அதன் வளையம் அசைந்ததை நான் கண்டேன்.

"எடு பிள்ளை! எடு!" என்று கத்தினேன். பொதுவிடத்தில் நான் குரல் உயர்த்தியது அதற்கு முன் இல்லை.

அவள் எடுக்கவில்லை. பற்றியபடி நின்றாள். கீழே சுவீடன்காரி எழுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு விரல்களை விட்டாள். ஏணி சரிந்தது. அவள் கயிற்றுக்கு வெளியே போடப்பட்டிருந்த மேசையின் மேல் விழுந்தாள், மேசை இரண்டாயிற்று. மற்றவள் ஏறிப் பட்டத்தைக் கழற்றினாள்.

உள்ளே உடை மாற்றும் அறைகளுக்குப் போகும் நடையில் ஒரு வாங்கில் அவள் இருந்தாள். தோளில் பனிக்கட்டிப் பை. தாய் அவளுடைய தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். உரிமையாளர் அப்போதுதான் பேசிவிட்டுப் போயிருந்தார். காசு கொடுத்துப் பார்த்தவர்கள் முடிவு முன்பே தெரிந்ததென்று ஆத்திரப்பட்டு எழுதிக்கொண்டிருந்தார்களாம். அதனால் அந்த இடத்திலேயே முடிவை மாற்றினாராம். வெளிநாட்டுப் பயணம் இனிச் சுவீடன்காரிக்கு.

"அப்பா, அந்த நோட்டிசை ஆர் போட்டது?"

"செயலாளர்தான், பிள்ளை. இறைச்சிக்குக் கணக்குத் தெரியோணும் எண்டு…"

"அவருக்கு ஆர் சொன்னது?"

நான் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினேன்.

"நான் உங்களுக்குத்தான் சொன்னனான்," என்றாள்.

"நீ கையில பிடிச்சனி. கழட்டியிருக்கலாமே. ஆர் தடுத்தது?"

அதற்கு அவள் டெனிஷில் பதில் சொன்னாள். நான் அவளுடைய மொழியை எத்தனையோ பேருக்குப் பெயர்த்துக் கொடுத்தவன். இதை இங்கே பெயர்த்து எழுதுகிறேன். கழற்றியிருக்கலாம். கழற்றியிருந்தால் இனி ஒருவரும் என்னோடு கோதாவில் இறங்கமாட்டார்கள். சொன்னதைச் செய்வேன் என்பதனால்தான் அவர்கள் தங்கள் கழுத்தை என் கையில் தருகிறார்கள்.

"நீங்கள் வெளியில காரடியில போய் நில்லுங்கோ," என்றாள் என் மனைவி. நான் போய் நின்றேன்.

மறுநாள் விழா மண்டபம் நிறைந்தது. சமைத்தாகிவிட்டது, தூர இடங்களிலிருந்தும் ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள், நிறுத்த வழியில்லை என்றார் செயலாளர். மகள் வரவில்லை. மனைவியும் வரவில்லை. தலைவர் என்ற முறையில் நான் போனேன். போகாமல் விட்டால் அதற்குக் காரணம் சொல்ல நேரிடும் என்பதும் என் மனத்தில் இருந்தது.

பொருளாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எங்கட பிள்ளை ஏணியில ஏறிட்டுது! கையும் வைச்சிட்டுது! நாங்கள் ரெண்டு கண்ணாலையும் பாத்தனாங்கள். ஆனா அவங்கள் விடேல்லை. ஏன் விடேல்லை? நிறம்! கறுப்புத் தோலுக்குப் பட்டம் குடுக்க அவங்களுக்கு மனம் வரேல்லை!"

மண்டபம் கைதட்டி அதிர்ந்தது. பெண்கள் சிலர் அழுதார்கள். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. அவருக்கு வேறு காரணம் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன், மேடையில் நடுக்கதிரையில் இருந்தேன். அவளுக்கென்று வாங்கிய பொன்னாடையை அவர் என் தோளில் போர்த்தினார். நான் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். என்னைப் பேச அழைத்தார்கள். "நன்றி," என்று மட்டும் சொன்னேன். துக்கத்தால்தான் அவ்வளவோடு நிறுத்தினேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு வரிசையில் நின்று கறி வாங்கிச் சாப்பிட்டோம்.

கோடையில் அவளுடைய தோளுக்கு மறுபடி சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் அவள் கோதாவில் இறங்கவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போய்வருகிறாள். எங்கள் வீட்டுக்கும் வருகிறாள், தாயோடு கதைக்கிறாள், என்னிடம் சுகம் விசாரிக்கிறாள். அவளைப் பற்றிய செய்தி எதையும் இப்போது என் மனைவி மூலமே அறிகிறேன். அதிலும் சிலதை அவள் சொல்வதில்லை.

நிறத்தைப் பார்த்து அவளுக்குப் பட்டத்தை மறுத்தார்கள் என்று எம்மவர் வாழும் மற்ற நகரங்களான ரண்டர்ஸிலும் அல்பர்ட்ஸ்லுண்டிலும் இன்றும் பேசப்படுகிறது. சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சாகியும் விட்டது. அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கம் என் பார்வைக்கு வந்தது. நான் அதில் கைவைக்கவில்லை. எம்மவருக்கு இந்த நாட்டில் அப்படி நடந்ததே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்த இடத்தில் அது நடக்கவில்லை. பட்டத்தை அவளுக்குத் தருவதென்று அந்த நிறுவனம் முடிவு செய்திருந்தது. முடிவு வெளியே போனதால் மாற்றினார்கள். அதை வெளியே விட்டவன் நான்.